பிரிந்தார் கூற்றும் இருந்தார் மௌனமும்

அகநானூற்றின் 400 செய்யுட்களில் 200 செய்யுட்கள் பாலைத்திணைக்கு உரியன. ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் யாவும் பாலையாகுமாறு அந்நூல் தொகுக்கப்பட்டிருத்தல் தமிழ் பயிலும் மாணவர் அறிந்ததே. பொருள்தேடிப் பிரிதல் அக்கால வாழ்வில் எத்துணை அழுத்தம் பெற்றிருந்தது என்பதற்கு இவ்வெண்ணிக்கையே சான்று. ஆயின் அப்பாடல்கள் யார் கூற்றாக அமைந்தன என்ற நோக்கிற் படிப்போர்க்கு வேறோர் உண்மையும் புலனாகும். பிரிந்து செல்லும் தலைவன் பேசுகின்றான். தன் நெஞ்சோடு வாதிடுகின்றான். இடைச்சுரத்தில் நின்று வீட்டை நினைக்கின்றான். எனினும் அவன் மட்டும் பேசுவதில்லை. வீட்டில் இருக்கும் தலைவியும் தோழியும், மகளைப் பிரிந்த செவிலியும் நற்றாயும் பேசுகின்றனர். பிரிவென்பது போனவர்க்கும் இருந்தவர்க்கும் ஒருங்கே நிகழ்வது என்பதைப் பழந்தமிழ்ப் புலவர் மறந்திலர்.

ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்தோர் தம் அந்நிய வாழ்வையும் ஊர்ப்பற்றையும் பற்றி எழுதியவற்றை இப்பின்னணியில் வைத்து நோக்குதல் பயனுடையது. 1983 ஜூலை வன்செயல்களின் பின் பெருகிய இவ்வெழுத்து இன்று நினைவுக் கட்டுரை, தன்வரலாறு, கவிதை, புனைகதை எனப் பல வடிவங்களில் வளர்ந்து நிற்கின்றது. அதன் வளத்தை எவரும் மறுத்தற்கில்லை. ஆயின் அதிற் பெரும்பான்மை பிரிந்தார் கூற்றாகவே உள்ளது. இருந்தார் அதில் நினைக்கப்படுகின்றனர், இரங்கப்படுகின்றனர், பேசுவதில்லை.

இதனைக் குறையென்று சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் பயிலும் தமிழ் மாணவர் பலரின் கல்விச் செலவிற் கடல்கடந்த உழைப்பின் பங்கு இருக்கின்றது. அண்ணனோ சித்தப்பாவோ மாமியோ இரவு வேலை செய்து அனுப்பிய காசிற் படிப்பவர், அவர்களுடைய துயரெழுத்தை விமர்சிக்கத் தயங்குவது இயல்பே. எனினும் அவ்வெழுத்து ‘இழந்துபோன ஊர்’ என்று இரங்கும் ஊரிலேயே அம்மாணவர் எழுந்து, பேருந்து ஏறி, விரிவுரைக்கு வருகின்றனர். தாம் வாழும் இடம் இறந்துபோன இடமாகச் சித்திரிக்கப்படுவதைப் படிப்போர் அதுபற்றிப் பேசாதிருத்தல் நன்றிக்கு அடையாளமாகலாம், விமர்சனத்துக்கு அழகன்று.

ஊர் நினைவு இவ்வாறு இறுகிப்போனமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி ஊழியராகவும் சென்றனர். காசு அனுப்பினர், கல்வீடு கட்டினர், ஓய்வூதியத்துடன் திரும்பிவந்தனர். எல்லோரும் திரும்பினர் என்பதன்று. ஆயினும் திரும்புதல் அப்பிரிவினுள்ளேயே அடங்கியிருந்தது. 1983இன் பின் சென்றவர் நிலை வேறு. அகதிக்கு வழங்கப்படும் பயணப் பத்திரம் பிற நாடுகளுக்குச் செல்ல இடந்தரினும் பிறந்த நாட்டுக்குச் செல்ல இடந்தருவதில்லை. தாயின் மரணச் செய்தி தொலைபேசியில் வந்தபோதும் போகமுடியாதவர் எத்தனையோ பேர். கண்ணாற் காணமுடியாத ஊர், விட்டுவந்த ஆண்டிலேயே நின்றுவிட்டது. 1985இற் சென்றவரின் ஊர் 1985இலும், 1995இற் சென்றவரின் ஊர் 1995இலும் உறைந்து கிடக்கின்றன. அதே கிணற்றடி, அதே வேலி, அதே தேர்த்திருவிழா. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்து, போக்குவரத்துச் சாத்தியமான பின்னரும் பலருடைய எழுத்தில் அந்த உறைவு இளகவில்லை என்பதே இங்குக் கவனத்துக்குரியது.

இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் தொகுத்து 1994இல் வெளிவந்த புலம்பெயர்ந்தோர் சிறுகதைத் தொகுதிக்குப் ‘பனியும் பனையும்’ என்று பெயர். பொருத்தமான பெயரே. ஆனால் அப்பெயரிலுள்ள இரண்டும் நிலத்துக்குரியவை. ஒன்று முதற்பொருளின் பாற்படும், மற்றது கருப்பொருள். பனி சார்ந்த நிலத்தை ஆறாந் திணையாகக் கொள்ளவேண்டும் என்று பின்னர் எழுந்த கருத்தும் நிலத்தையே முன்னிறுத்திற்று. திணையை உயிர்ப்பிப்பது உரிப்பொருளன்றோ? பனிநிலத்தின் உரிப்பொருள் யாது என்ற வினா போதியளவு கேட்கப்படவில்லை. பிரிதல் என்பது உடனடி விடை. உற்றுநோக்கின் நெய்தலுக்குரிய இரங்கலே மிகுதி. முல்லைக்குரிய இருத்தலோ, இருப்பவர் பக்கமிருந்து சொல்லப்படாமலே விடப்பட்டுள்ளது.

இப்பொதுப் போக்கினின்றும் விலகி நிற்கும் ஆக்கங்கள் சிலவற்றை இனி நோக்கலாம். ‘வடக்கு வீதி’ (1998), ‘மகாராஜாவின் ரயில் வண்டி’ (2001) முதலிய தொகுதிகளின் ஆசிரியரான அ. முத்துலிங்கம் அகதியாகச் சென்றவரல்லர். தொழிலின் நிமித்தம் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகளில் வாழ்ந்தவர். அவருடைய கொக்குவில் பெரும்பாலும் சிறுவன் கண்ட கொக்குவிலே. அதுவும் உறைந்த ஊர்தான். ஆயினும் அவருடைய நகைச்சுவை இரங்கலுக்கு இடங்கொடுப்பதில்லை. ஊரை வழிபடாமல் ஊரிலுள்ள மனிதரின் கோணல்களை அவர் ரசிக்கின்றார். பிற நாட்டு மனிதரையும் அதே கண்ணாற் காண்பதனால் ஊர் என்பது உலகின் ஒரு மூலையாகத் தன்னிடத்தைப் பெறுகின்றது.

ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) முற்றிலும் வேறான வழியிற் செல்கின்றது. அந்நாவல் பிரான்சில் அகதி அந்தஸ்துக் கோரும் ஒருவனின் விண்ணப்பத்தோடு தொடங்குகின்றது. ஊர் இங்கு இனிய நினைவன்று. அதிகாரி ஒருவர் நம்பும்படி வரிசைப்படுத்திச் சொல்லவேண்டிய வாக்குமூலம். எத்தனையாம் ஆண்டு, எந்த இடம், யார் பிடித்தார்கள் என்று கேட்கும் படிவத்தின் முன்னே கிணற்றடிக்கும் தேர்த்திருவிழாவுக்கும் இடமில்லை. ஊர்ப்பற்றுப் பற்றிய மென்மையான பாவனைகளை இதைவிடக் கடுமையாக எவரும் சோதித்ததில்லை எனலாம்.

நினைவெழுத்து என்ற வகையிற் செல்வம் அருளானந்தத்தின் ‘எழுதித் தீராப் பக்கங்கள்’ விரிவாகப் பேசப்படவேண்டியது. ரொறன்ரோவிலிருந்து ‘காலம்’ சஞ்சிகையை நடத்திவருபவர் அவர். இந்நூல் கனடாவுக்கு முந்திய அவருடைய பாரிஸ் வாழ்வை, 1980களின் அகதி இளைஞர் உலகத்தை நினைவுகூர்கின்றது. ஓரறையிற் பலர் கூடிக் கிடத்தல், மொழி அறியாமற் படும் அல்லல், வேலைதேடி அலைதல் ஆகியன எல்லாம் சிரிப்போடு சொல்லப்படுகின்றன. ஊர் இந்நூலில் எங்கே இருக்கின்றது என்று தேடுவோர்க்கு அது வருணனையில் அகப்படாது. ஒருவரையொருவர் விளிக்கும் முறையில், பட்டப்பெயரில், கடன் கொடுத்தலில், சண்டையில், சமையலில் அது இருக்கின்றது. ஊர்ப்பற்று என்பது கடந்தகாலத்தைப் பற்றிய உணர்ச்சி என்னும் எண்ணத்தை இந்நூல் ஓசையின்றி மாற்றிவிடுகின்றது. பற்று அங்கே நிகழ்காலப் பழக்கம். ஒரு குறையையும் சொல்லவேண்டும். இவ்வறைகளிலிருந்து கடிதம் போகின்றது, காசு போகின்றது. அவற்றைப் பெற்றவர் என்ன நினைத்தார் என்பது நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டதாகவே உள்ளது. ஆண்கள் நிறைந்த உலகமாதலாற் பெண்களின் குரலும் அரிது.

இவ்விடத்தில் இராஜேஸ்வரி பாலசுப்பிரமணியத்தின் ‘ஒரு கோடை விடுமுறை’யை (1981) நினைவுகூரல் வேண்டும். பெரும் புலம்பெயர்வுக்கு முன்னரே எழுதப்பட்ட இந்நாவலில், இலண்டனில் வாழ்பவன் விடுமுறைக்கு ஊர் வருகின்றான். இங்கு ஊர் நினைவில் வருவதன்று, நேரில் எதிர்ப்படுவது. எதிர்ப்படும் ஊர் மறுமொழி சொல்லும். இந்த அமைப்பின் வலிமையைப் பின்வந்தோர் போதியளவு பயன்கொள்ளவில்லை.

கடல்கடந்து செல்லும் தலைவன் தலைவியை உடனழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்பது தொல்காப்பிய மரபு. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து இம்மரபு தலைகீழாகி, கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் செல்லலாயினர். தாய் பிரிந்தாள்; கணவனும் பிள்ளைகளும் இருந்தனர். பொருள்வயிற் பிரிவு என்பதற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. ஆயினும் புலம்பெயர் இலக்கியம் என்னும் தலைப்பின்கீழ் இது அரிதாகவே பேசப்படுகின்றது. ஐரோப்பாவும் கனடாவும் மாத்திரமே புலம் என்று கொள்ளும் மனப்பாங்கு ஆராய்ச்சியாளரிடமும் உண்டு.

இருந்தாரின் மௌனத்துக்குப் பிரிந்தார் மட்டும் பொறுப்பல்லர். யுத்தகாலத்தில் வடக்கில் அச்சுத்தாள் அரிது, மின்சாரம் அரிது. பேசுதற்கு அச்சமோ பல திசைகளிலிருந்தும் வந்தது. அத்தகைய காலத்திலேதான் சு. வில்வரத்தினத்தின் ‘காற்றுவெளிக் கிராமம்’ (1995) வெளிவந்தது. மக்கள் நீங்கிய தீவக ஊரே அதன் பாடுபொருள். புங்குடுதீவைச் சேர்ந்த வில்வரத்தினம் நாட்டைவிட்டுப் போகவில்லை. 2006இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். எல்லோரும் போனபின் ஊருக்கு என்ன நேர்கின்றது என்பதை இப்பக்கத்திலிருந்து கண்டு பாடியவர் அவர். புலம்பெயரவில்லை என்ற ஒரே காரணத்தால் இத்தொகுதி புலம்பெயர் இலக்கியப் பட்டியல்களிற் சேர்க்கப்படுவதில்லை. செல்வத்தின் பாரிஸ் அறையும் வில்வரத்தினத்தின் தீவும் ஒரே பிரிவின் இரு முனைகள். பாரிசில் ஓரறையில் ஆட்கள் நெருங்கிக் கிடந்த அக்காலத்திற்றான் தீவகத்தில் வீடுகள் ஆளின்றிப் பூட்டிக் கிடக்கத் தொடங்கின. அவற்றின் திறப்பு அயலிலுள்ள முதியவர் ஒருவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர், ஒன்றில் விடப்பட்டதை மற்றதிற் காண்பர்.