கான்கிரீட்டில் ஒரு கூடு

நகரத்தின் நடுவிலுள்ள பௌத்தக் கோயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுகிறார்கள்: சந்தடிக்கு நடுவே ஓர் அமைதி. டோக்கியோவில், கின்ஸாவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ட்சுகிஜி ஹொங்கான்ஜி கோயிலுக்கும் இதே வாக்கியம்தான் கிடைத்திருக்கிறது. பார்த்து எழுதிய வாக்கியம் அல்ல இது. சாலையைப் பார்த்தபடி அகலமாக, ஏதோ பெரிய ரயில் நிலையம்போல நிற்கிறது கோயில். உள்ளே நாற்காலி வரிசைகள். இது சார்ந்திருக்கும் ஜோதோ ஷின்ஷூ பிரிவில் ஒதுங்கியிருந்து தியானம் பழகுவதற்கு இடமில்லை. அதன் மூலவரான ஷின்ரன் 13ஆம் நூற்றாண்டிலேயே மனைவி மக்களோடு வாழ்ந்தவர். தன்னைத் துறவி என்றும் சொல்லிக்கொள்ளவில்லை, இல்லறத்தான் என்றும் சொல்லிக்கொள்ளவில்லை. அமிதாபனின் பெயரைச் சொன்னால் போதும். மீன் விற்றுக்கொண்டேகூடச் சொல்லலாம். இந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் வெகுகாலம் அப்படித்தான் நடந்தும் இருக்கும். மொத்த வியாபார மீன் சந்தை 2018இல்தான் டொயோஸுவுக்குப் போனது. வெளிச் சந்தை இன்றும் இருக்கிறது. அமைதியைத் தேடிப் போகிறவர் தவறான முகவரிக்குப் போகிறார்.

1617இல் வேறிடத்தில் கட்டப்பட்ட கோயில் இது. 1657இன் பெருந்தீயில் அது போனபின், கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில் மறுபடி எழுப்பினார்கள். ட்சுகிஜி என்ற சொல்லுக்கே ஆக்கப்பட்ட நிலம் என்றுதான் பொருள். 1923இன் பூகம்பத்தைத் தொடர்ந்த தீயில் மரக் கோயிலும் போயிற்று. இனி எரியாத ஒன்று வேண்டும் என்று கட்டியதுதான் 1934இல் முடிந்த இன்றைய கட்டிடம். கல் போர்த்திய கான்கிரீட். அமைத்தவர் இட்டோ சூட்டா.

அந்த முகப்பின் நடுவே உயரும் வளைவை நாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அடையாளம் கண்டுகொள்வோம். அது கூடு. மாமல்லபுரத்து ரதங்களின் கொடுங்கையில் வரிசையாக இருப்பது. உள்ளிருந்து ஒரு முகம் எட்டிப் பார்ப்பது. அஜந்தாவில் குகையின் முகப்பையே நிறைத்துப் பெரிதாக நிற்பது. பராபர் குன்றின் லோமச ரிஷி குகை வாயிலில், அசோகன் காலத்தை ஒட்டி, இதன் ஆதி வடிவம் இருக்கிறது. ஆனால் அங்கேகூட அது கல்லுக்குச் சொந்தமான வடிவம் அல்ல. மரக் கட்டைகளை வளைத்துக் கட்டிய கூரையைக் கல்லில் பார்த்துச் செய்தார்கள். கார்லே குகையின் விதானத்தில் எந்தப் பாரத்தையும் தாங்காத மர விலாக்களை இன்றும் பார்க்கலாம். மரத்தைக் கல் நடித்தது. கல்லைக் கான்கிரீட் நடிக்கிறது. எனவே இந்தக் கோயிலைப் போலி என்று ஒரே சொல்லில் ஒதுக்குகிறவர் அஜந்தாவையும் ஒதுக்கத் தயாராக இருக்க வேண்டும். இட்டோவுக்கு இது தெரியும். 1902லிருந்து மூன்று வருஷம் சீனா, பர்மா, இந்தியா, துருக்கி என்று சுற்றியவர். மரக் கட்டிடக் கலை வேறொரு பொருளுக்குப் பரிணமிக்க வேண்டும் என்று 1909இலேயே வாதிட்டவர்.

என்னுடைய குறை வேறு. இட்டோவின் கூட்டிலிருந்து முகம் எதுவும் எட்டிப் பார்ப்பதில்லை. தாமரை ஒன்று அந்த இடத்தை நிறைக்கிறது. இருபுறமும் ஸ்தூபி போன்ற கோபுரங்கள், ஒன்றில் மணி, மற்றதில் முரசு. அளவு பிசகாத சமச்சீர். இந்த இந்தியாவுக்கு ஊரும் இல்லை, நூற்றாண்டும் இல்லை. குறிஞ்சி, பாலை என்று பெயரைச் சொல்லிவிட்டால் மரபு வந்து உட்கார்ந்துவிடும் என்று நம்பும் நம் கவிஞர்கள் சிலருக்கு இந்த முகப்பு பிடிக்கும்.

இதை வெறும் ரசனைப் பிசகாக எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை. கட்டிட வேலை தொடங்கிய 1931இல்தான் ஜப்பானியப் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்தது. ஆசியா முழுவதற்கும் வாரிசு தானே என்று ஒரு தேசம் நம்பத் தொடங்கியிருந்த காலம். பிடித்த நாடுகளில் எழுப்பிய ஷிண்டோ கோயில்களிலும், சியோலில் 1925இல் நிறுவிய சோசென் ஜிங்கூ உட்பட, இட்டோவின் கை இருந்தது. அங்கே ஜப்பானை ஏற்றுமதி செய்தவர் இங்கே இந்தியாவை வரவழைக்கிறார். இரண்டு காரியங்களுக்கும் ஒரே மனம். போருக்குத் துணைபோனதை ஹொங்கான்ஜி பிரிவே பின்னால் ஒப்புக்கொண்டது. கட்டிடத்தை 2014இல் அரசு முக்கிய கலாசாரச் சொத்தாக அறிவித்தபோது எல்லோரும் பேசியது அதன் விசித்திர அழகைப் பற்றித்தான்.

வாசலைத் தாண்டியதும் இந்தியா சட்டென்று நின்றுவிடுகிறது. பொன் மின்னும் பீடம், கட்டம் கட்டமான விதானம், பழைய ஜப்பானியக் கருவறை. இரண்டையும் இணைக்க இட்டோ எந்த முயற்சியும் செய்யவில்லை. திறமைக் குறைவு என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம்பியதை உள்ளேயும், நம்ப விரும்பியதை வெளியேயும் வைத்திருக்கிறார். நடுவிலுள்ள விரிசலைப் பூசி மறைக்கவில்லை.

அவர் தன்னை மறந்து வேலை செய்த இடம் ஒன்று உண்டு: படிக்கட்டு. வெளியே இறக்கை முளைத்த சிங்கங்கள். உள்ளே கைப்பிடிச் சுவர்களில் யானை, குரங்கு, இன்னும் சில. வாழ்நாள் முழுக்கப் பேய்களையும் விநோத ஜந்துக்களையும் வரைந்து தள்ளியவர் அவர். கொள்கைக்கு வேலையில்லாத மூலைகளில் அந்தக் கை தானாக இயங்கியிருக்கிறது. கூட்டில் காணாமல் போன முகங்கள் இங்கே வந்து உட்கார்ந்திருக்கின்றன.

பின்சுவரில் சுமார் 2000 குழல்களுடன் ஒரு ஆர்கன் இருக்கிறது. 1970இல் வந்தது. ராக் இசைக் கலைஞர் ஹிடேயின் இறுதிச் சடங்கு 1998இல் இங்கேதான் நடந்தது. பல்லாயிரம் இளைஞர்கள் தெருவில் நின்றார்கள். அவருக்காக உள்ளே ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். அதைப் பார்க்க வருகிறவர்கள் முகப்பை நிமிர்ந்து பார்ப்பதில்லை. போகிற போக்கில் குரங்கின் தலையைத் தடவிவிட்டுப் போகிறார்கள்.