எழுத்தைக் கொடுத்தால் சொல்லைத் தரும் ஒன்லுக்

எக்ஸ், ஒய் இரண்டும் இருக்க வேண்டும். எந்த இடத்தில் என்பது முக்கியமில்லை. மொத்தம் ஐந்தே எழுத்து. இப்படி ஓர் ஆங்கிலச் சொல் கேட்டால் ‘சிக்ஸ்டி’ சட்டென்று வரும். கொஞ்சம் யோசித்தால் ‘ப்ராக்ஸி’ கிடைக்கும். அதற்கு மேல் நகராது. அச்சு அகராதியும் கைகொடுக்காது. அது முதலெழுத்து வரிசையில் அடுக்கியது. நடுவில் ஒளிந்திருக்கும் எழுத்தைப் பிடித்துத் தேட அதில் வழியே கிடையாது.

இந்த வேலைக்கென்றே இணையத்தில் எக்கச்சக்கமான தளங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை நம்மிடம் எழுத்துகளைக் கேட்கும் ஒரே ஒரு பெட்டியோடு நின்றுவிடுகின்றன. கோளாறே அங்கேதான் தொடங்குகிறது. நாம் கேட்க வருவது மூன்று வெவ்வேறு கேள்விகள். கையிலுள்ள எழுத்துகளை மட்டும் வைத்துச் சொல் கட்ட வேண்டும் என்பது ஸ்க்ராபிள் ஆடுபவரின் கேள்வி. இந்த எழுத்து இந்தக் கட்டத்தில் வர வேண்டும் என்பது குறுக்கெழுத்துக்காரரின் கேள்வி. இந்த எழுத்துகள் எங்காவது இருந்தால் போதும், மற்றவை எதுவாகவும் இருக்கலாம் என்பது ‘வேர்டில்’ என்ற சொல் விளையாட்டை ஆடுபவருக்கு வருவது. பெட்டி ஒன்றை மட்டும் வைத்திருக்கும் தளம் பெரும்பாலும் முதல் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு, மூன்றாவதைக் கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறது.

பல அகராதிகளை ஒரே இடத்தில் தேடித் தருவதற்காக 1996-இல் தொடங்கிய ஒன்லுக், மூன்றுக்கும் விடை சொல்கிறது. அதுவும் அதே தேடல் பெட்டிக்குள்ளேயே, சில குறிகளை வைத்து. கேள்விக்குறி போட்டால் ஏதோ ஓர் எழுத்து. நட்சத்திரம் போட்டால் எத்தனை எழுத்து வேண்டுமானாலும். ஹேஷ் குறி மெய்யெழுத்துக்கு, அட் குறி உயிரெழுத்துக்கு. இரண்டு சாய்கோடு போட்டுப் பின்னால் எழுதுபவற்றை அது எந்த வரிசையிலும் கலைத்துப் பார்க்கும். ஆக, இரண்டு சாய்கோடு, எக்ஸ், ஒய், மூன்று கேள்விக்குறி என்று தட்டினால் நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்வி தயார். எக்ஸில் தொடங்கும் ‘சைலெம்’, எக்ஸில் முடியும் ‘கேலிக்ஸ்’, நடுவில் வைத்திருக்கும் ‘எப்பாக்ஸி’ எல்லாம் ஒரே வலையில் விழுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தவை மைனஸும் பிளஸும்தான். தேடலின் கடைசியில் மைனஸ் போட்டு எழுதும் எழுத்துகள் விலக்கப்படும். பிளஸ் போட்டால் அந்த எழுத்துகளுக்குள் மட்டுமே சொல் அமைய வேண்டும். ஒரு நட்சத்திரம், பிளஸ், கீபோர்டின் மேல்வரிசையில் உள்ள பத்து எழுத்துகள் என்று கொடுத்துப் பாருங்கள். ‘டைப்ரைட்டர்’ வரும், ‘பெர்பெச்சுவிட்டி’ வரும், ‘ப்ரொப்ரைட்டர்’ வரும். மூன்றுமே பத்தெழுத்துச் சொற்கள். விரலை மேல்வரிசையைவிட்டு இறக்காமலே அடித்துவிடலாம்.

மைனஸுக்கு ஒரு சோதனை: இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே க்யூ, பிறகு மைனஸ் யூ. க்யூவை யூ இல்லாமல் கையில் வைத்துக்கொண்டு ஸ்க்ராபிளில் தவித்தவர்களுக்கு இந்தப் பட்டியல் பெரிய உபகாரம். ‘ஃபகீர்’, ‘நிகாப்’, ‘கவ்வாலி’ எல்லாம் அந்த எழுத்துக்கூட்டலில் ஆங்கிலச் சொற்களாகவே ஏறியிருக்கின்றன. ஆனால் அவற்றின் பக்கத்திலேயே ஈராக்கும் கத்தாரும் வந்து உட்கார்ந்திருக்கும். ஒன்லுக் ஊர்ப்பெயரையும் சொற்றொடரையும் சேர்த்தே தேடுகிறது. குறுக்கெழுத்துக்கு அது வரம். ஸ்க்ராபிள் பலகையில் ஊர்ப்பெயரை வைத்தால் எதிராளி எடுக்கச் சொல்லிவிடுவார்.

இப்படிப்பட்ட கருவிகளை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: பின்னால் இருக்கும் சொற்பட்டியல் எது? தேடும் வித்தை அவ்வளவு கடினமானதல்ல. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி வைத்துக்கொண்டால், ‘லிசன்’, ‘சைலன்ட்’, ‘டின்சல்’ மூன்றும் ஒரே அடுக்காக மாறிவிடும். ஒன்றைக் கேட்டால் மற்றவை தாமாக வரும். குறிப்பிட்ட எழுத்துகள் இருக்கின்றனவா என்பதை அறிய, ஒவ்வொரு சொல்லையும் 26 சுவிட்சுகள் கொண்ட பலகையாகக் கணினி வைத்துக்கொள்கிறது. கேட்ட சுவிட்சுகள் எரிகின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும். லட்சக்கணக்கான சொற்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் அலசிவிடலாம். பட்டியல் பழையதாக இருந்தால் இந்த வேகத்தால் ஒரு பயனும் இல்லை.

மேக் கணினியோடு வரும் சொற்கோப்பு இதற்கு நல்ல உதாரணம். டெர்மினலில் கிரெப் கட்டளை தெரிந்தவர்கள் இணையமே இல்லாமல் அதில் தேடலாம். சுமார் 2,35,000 சொற்கள். ஆனால் அது 1934-ஆம் ஆண்டின் வெப்ஸ்டர் அகராதியிலிருந்து வந்தது. 1948-இல் பெயர் சூட்டப்பட்ட ‘டிரான்சிஸ்டர்’ அதில் இருக்காது. பெரும்பாலான பன்மைச் சொற்களும் கிடையாது. புரோகிராம் எழுதிப் பழக அருமையான கோப்பு. ஆட்டத்துக்கு நம்பக் கூடாது.

ஸ்க்ராபிளைத் தீவிரமாக ஆடுபவர்களுக்கு ஸிஸிவா என்ற மென்பொருள்தான் சரி. அங்கே பந்தயத்துக்குரிய சொற்பட்டியலில் தேடுகிறோம். காலின்ஸின் 2019 பட்டியலில் மட்டும் 2,79,496 சொற்கள். கையிலுள்ள எழுத்துகளுக்குள் அடங்கும் சொற்கள், குறிப்பிட்ட எழுத்துகளைக் கொண்டவை, நீளம் என்று நிபந்தனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். பார்க்கக் கரடுமுரடாக இருக்கும். முதல்முறை திறப்பவர் மிரளத்தான் செய்வார்.

நியூயார்க் டைம்ஸின் ‘ஸ்பெல்லிங் பீ’ என்ற சொல் விளையாட்டை ஆடுபவர்களுக்கு ஒன்லுக்கே போதும். கட்டாயம் வர வேண்டிய நடு எழுத்தை இரண்டு நட்சத்திரங்களுக்கிடையே வைத்து, பிளஸுக்குப் பின் ஆட்டம் தரும் ஏழு எழுத்துகளையும் கொடுத்தால் ஆயிற்று. வருவதில் நான்கெழுத்துக்குக் குறைந்தவற்றைத் தள்ளிவிட வேண்டும். மீதியையும் ஆட்டம் அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்று சொல்ல முடியாது; எந்தச் சொல் செல்லும் என்று தீர்மானிப்பவர் அதன் ஆசிரியர்.

ஆட்டங்களைவிட வகுப்பறைக்குத்தான் இதை நான் அழுத்திச் சொல்வேன். தமிழில் படித்து வளரும் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் பெரிய தலைவலி. நட்சத்திரம், எம், பி என்று கொடுத்தால் ‘லேம்’, ‘தம்’, ‘கோம்’ என்று காதில் எம்மோடு முடிந்து, தாளில் பி-யோடு முடியும் சொற்கள் வரிசையாக வரும். நட்சத்திரம், ஓ, யூ, ஜி, எச் என்றால் ‘டஃப்’, ‘தோ’, ‘த்ரூ’ என்று ஒரே வால், வெவ்வேறு ஓசை. ஓர் ஆசிரியர் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து தொகுக்க வேண்டியதை இது நொடியில் தருகிறது. பட்டியல் நீளமாக இருக்கும். பிள்ளைகளுக்குத் தேவையில்லாத அரிய சொற்களும் கலந்து வரும். பொதுவாகப் புழங்குபவற்றை மட்டும் காட்டச் சொல்லிவிட்டு, அதில் பத்துப் பதினைந்தைப் பொறுக்கிக் கரும்பலகையில் எழுதினால் மறுநாள் பாடம் கையில்.