வளைவுக்கு முன்பே எடுத்த முடிவு

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் இளம் வீரர் ஒருவர் நல்ல லேப் ஓட்டிவிட்டால் "பையனுக்கு என்ன ரிஃப்ளெக்ஸ்!" என்று பாராட்டுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

மணிக்கு 180 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 50 மீட்டர். கண் கண்டதற்குக் கால் அசைய நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். அதற்குள் வண்டி 10 மீட்டர் போயிருக்கும். வளைவைப் பார்த்த பிறகு யோசிப்பவர் மண்ணில் இறங்கித்தான் நிற்பார். மைக்கேல் லேண்ட், பெஞ்சமின் டாட்லர் என்ற ஆய்வாளர்கள் டோமாஸ் ஷெக்டர் என்ற வீரரை இங்கிலாந்தின் மாலரி பார்க் தடத்தில் கவனித்து 2001-ல் எழுதினார்கள். அவர் தலை திரும்பிய அளவை வைத்தே, ஒரு நொடி கழித்து வண்டி எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்று சொல்ல முடிந்ததாம். தடம் முழுவதும் அவர் மனதில் ஏறியிருந்தது.

இப்படிப் பழக்கத்தால் சட்டென்று தோன்றும் முடிவுகளை எப்போது நம்பலாம்? உளவியலாளர் டேனியல் கானமன் அவற்றைச் சந்தேகத்தோடு பார்த்தவர். தீயணைப்பு வீரர்களை ஆராய்ந்த கேரி கிளைன் அவற்றை மதித்தவர். இருவரும் சேர்ந்து 2009-ல் எழுதிய கட்டுரையில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: சூழல் ஓர் ஒழுங்கில் இயங்க வேண்டும், செய்தது சரியா தவறா என்று தெரிந்து பழகப் போதிய வாய்ப்பும் வேண்டும். அப்போதுதான் உள்ளுணர்வை நம்பலாம்.

1990-ல் திறந்த இருங்காட்டுக்கோட்டைத் தடம் இந்த இரண்டையும் தருகிறது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள், எல்லாம் நேற்று இருந்த இடத்திலேயே. பிரேக்கைத் தப்பாகப் பிடித்தால் லேப் நேரம் உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்த நேரத்தை உட்கார்ந்து படிக்க வேண்டும். எங்கே ஆக்ஸிலரேட்டரை விட்டோம், எங்கே பிரேக்கை அழுத்தினோம் என்று டேட்டாவை வரிவரியாகப் பார்ப்பதும், தடத்தை ஒருமுறை காலால் நடந்து அளப்பதும் பொறுமையான வேலைகள். தைரியத்தை மட்டும் கேட்கும் பயிற்சியாளர் பாதிப் பயிற்சிதான் தருகிறார்.

மழை வந்தால் கதை மாறும். வண்டிகள் வழக்கமாக ஓடும் கோட்டில் டயர் ரப்பர் படிந்திருப்பதால் அங்கேதான் அதிகம் வழுக்கும். பழகிய கால் பழைய இடத்தில் பிரேக்கைத் தேடும். அதை அடக்கி, முன்கூட்டியே பிடித்து, கோட்டை விட்டு விலகி ஓட்டுபவர்தான் முன்னேறுவார். ஓட்டத்தின் நடுவே நிதானமாக யோசிக்க முடிகிறதா என்பதை ஈரத் தடத்தில்தான் பார்க்க முடியும். திறமையை அங்கே எடைபோடுவதே என் வழக்கம்.

தடத்துக்கு வெளியே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி, எதிர்த்திசையில் வரும் பைக்; எதற்கும் ஒழுங்கில்லை. தடத்தில் பழகிய வேகத்தை இங்கே காட்டும் பையன்களை நினைத்தால் பதறுகிறது. தடம் ஒவ்வொரு லேப்பிலும் அவர்களைத் திருத்துகிறது. நெடுஞ்சாலையிலோ தப்பாக முந்திவிட்டுப் பிழைத்துவிட்டால், அந்தத் தப்பே சரியென்று மனதில் பதிந்துவிடுகிறது.