வெளிர் நீலமா, கருநீலமா? தோட்ட வீட்டில் ஒரு சாயச் செயலி

டின்னைத் திறக்கும் முன்பே சுவர் எப்படி மாறும் என்று கைப்பேசியில் காட்டும் செயலிகள் வந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. டூலக்ஸ் சாயம் தயாரிக்கும் அக்சோநோபல் நிறுவனம் தன் விஷுவலைசரை 2014இல் வெளியிட்டது. இந்த வகைச் செயலிகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. கேமராவைச் சுவர் பக்கம் திருப்பி, நிறத்தைத் தேர்ந்து, திரையில் சுவரைத் தொட்டால் போதும். பழைய நிறம் மறைந்து புது நிறம் ஏறிவிடும்.

அறைகலன் கடைபோல் வெளிச்சம் கொட்டும் இடத்தில் இந்த வித்தை எடுபடும். நம் தோட்ட வீடுகளில் எடுபடுமா? அதைத்தான் நெகிரி செம்பிலானில், ரந்தாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில், என் அத்தை வீட்டில் பார்த்தேன். தீபாவளிக்குள் சாயம் அடித்தாக வேண்டும். அத்தைக்கு வெளிர் நீலம்தான் வேண்டும். அவர் மகனுக்குக் கருநீலத்தில்தான் கண். இந்த வழக்கைச் செயலி தீர்த்துவைக்குமா என்பதே கேள்வி.

சோதித்த வீடு

தாழ்ந்த தகரக் கூரை. மழைக்காக முன்னால் நீண்ட இறக்கம். கூடத்துக்கு ஒரே ஒரு நாக்கோ கண்ணாடிச் சன்னல். வெளியே நாலு பக்கமும் செம்பனை. உள்ளே சிவப்புச் சிமெண்டுத் தரை, பழுப்பேறிய வெள்ளைச் சுவர். பட்டப்பகலிலும் விளக்குத் தேவைப்படும் கூடம். பழைய தோட்ட வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வெளிச்சம் பழக்கமானது.

செயலி நன்றாகச் செய்வது

நூற்றுக்கணக்கான நீலங்களிலிருந்து நாலைந்தைப் பிரித்தெடுக்க இது அருமையான கருவி. பச்சை கலந்த நீலம், சாம்பல் கலந்த நீலம், ஊதா சாய்ந்த நீலம் என்று அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கும்போது, எது வேண்டாம் என்பது சீக்கிரமே தெளிவாகிறது. சாமி மேடைக்குப் பின்னால் கருநீலம் ஒத்துவருமா, கதவுச் சட்டத்தின் நிறத்தோடு சண்டை போடுமா என்பதெல்லாம் திரையிலேயே தெரிந்துவிடும். வார்த்தையால் விளக்க முடியாத விருப்பத்தை அத்தையும் மகனும் ஒரே படத்தைப் பார்த்துப் பேச முடிந்தது. இதுவே பெரிய உதவி.

செயலிக்குத் தெரியாதது

திரையில் கருநீலம் அள்ளியது. அத்தைகூட மனம் மாறிவிட்டார். ஆனால் அந்தப் படம் முழு உண்மை அல்ல. செயலி சுவரின் நிறத்தை மாற்றுகிறதே தவிர, அறையின் வெளிச்சத்தை மாற்றுவதில்லை. படத்தில் இருந்த தரையும் நாற்காலியும் கூரையும், பழைய வெள்ளைச் சுவர் திருப்பிவிட்ட ஒளியில்தான் தெரிந்தன. அந்தச் சுவர்களைக் கருநீலமாக்கினால் அந்த ஒளி போய்விடும். தரையும் நாற்காலியும் சேர்ந்தே இருண்டுவிடும். இந்த இழப்பு திரையில் தெரிவதில்லை.

இரண்டாவது, கேமரா. மங்கலான அறையைக் கண்டால் கைப்பேசி தானாகவே படத்தைப் பிரகாசமாக்கும். மஞ்சள் விளக்கின் சாயலையும் முடிந்தவரை நீக்கிவிடும். கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் மூலை, திரையில் தெளிவாக நிற்கும். ஆகவே இருண்ட வீட்டில் இந்தச் செயலிகள் பெரும்பாலும் கருநீலத்தின் பக்கமே சாய்கின்றன. எந்த நிறுவனத்துச் செயலியாக இருந்தாலும் கைப்பேசிக் கேமராவின் இயல்பு இதுதான்.

மூன்றாவது, சுவருக்குச் சுவர் பாயும் ஒளி. நாலு சுவரும் ஒரே நீலமானால், ஒன்றில் பட்டுத் திரும்பும் நீல ஒளி அடுத்ததில் பட்டு மேலும் நீலமாகும். அதனால் கடையின் நிற அட்டையில் பார்த்ததைவிட அறையில் நிறம் அழுத்தமாகவே தெரியும். சிவப்புத் தரையிலிருந்து எழும் ஒளி சுவரின் அடிப்பகுதியை லேசாக ஊதா பக்கம் தள்ளும். செம்பனை ஓலை வழியாக வரும் வெளிச்சம் பச்சையைக் கலக்கும்.

கேட்க வேண்டிய எண்

கடையில் ஓர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்: எல்.ஆர்.வி. அந்த நிறம் தன்மேல் படும் ஒளியில் எத்தனை விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது என்பதன் அளவு அது. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. சாய நிறுவனங்களின் நிறப் பட்டியல்களில் இது பெரும்பாலும் இருக்கும். 65 உள்ள வெளிர் நீலம் பாதிக்கு மேல் ஒளியைத் திருப்பித் தருகிறது. 10 உள்ள கருநீலம் பத்தில் ஒன்பது பங்கை விழுங்கிவிடுகிறது. ஒரே சன்னல் உள்ள கூடத்தில் 60க்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

அட்டைச் சோதனை

செயலியில் தேறிய இரண்டு நீலத்தையும் ஒரு லிட்டர் டின்னாகக் கலந்து வாங்கி, பெரிய அட்டைகளில் இரண்டு பூச்சு அடித்துக் காயவிட்டோம். எமல்ஷன் சாயம் ஈரத்தில் வெளுத்தும் காய்ந்தபின் சற்று அழுத்தமாகவும் தெரியும். ஈரத்தில் முடிவெடுக்கக் கூடாது. ஒரே நிறத்தில் இரண்டு அட்டைகளைச் சுவர் மூலையில் எதிரெதிரே சாய்த்து வைத்தால், ஒளி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாய்வதையும் பார்க்கலாம்.

காலையில் இரண்டும் அழகு. மதியம் மழை இருட்டியதும் கருநீலம் கறுப்பாகிவிட்டது. இரவில் 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் வெளிர் நீலம் குளிர்ச்சியாகத் தெளிந்தது. 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் சற்றுச் சாம்பல் தட்டியது. மஞ்சள் விளக்கு விரும்பும் வீடானால், சாம்பல் கலக்காத நீலமாகப் பார்த்து வாங்குவது நல்லது.

செலவும் பராமரிப்பும்

வெளிர் நிறங்களை வெள்ளை மூலத்தில் கலக்கிறார்கள். சுவரை மறைக்கும் டைட்டானியம் டைஆக்சைடு அதில் நிறைய உண்டு. கருநீலத்துக்கு வரும் மூலத்தில் அது குறைவு. அதனால் மூன்றாவது பூச்சு தேவைப்படலாம். டின் கணக்கும் கூலியும் ஏறும். ஈரம் ஏறும் பழைய சுவரில் உப்புப் பூத்தால், அந்த வெள்ளைத் திட்டு கருநீலத்தில் அப்பட்டமாகத் தெரியும். கை பட்ட தடமும் அப்படியே. எந்த நீலமானாலும், முதலில் கசிவை அடைத்து, சுரண்டி, சீலர் அடிக்காமல் டின்னைத் திறக்காதீர்கள்.

தீர்ப்பு

செயலியை நம்பி நிறக் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இருளையும் வெளிச்சத்தையும் தேர்ந்தெடுக்க முடியாது. தோட்ட வீட்டுக் கூடத்துக்கு வெளிர் நீலமே சரி. கருநீலத்தில் ஆசை உள்ளவர்கள் அதைப் படுக்கையறையில், ஒரே ஒரு பக்கச் சுவரில் அடியுங்கள். சன்னலுக்கு எதிர்ச்சுவரை விட்டுவிடுங்கள். உள்ளே வரும் பகலொளியை அறைக்குத் திருப்பித் தருவது அதுதான். சன்னல் இருக்கும் சுவரும் வேண்டாம். கரும்பின்னணியில் சன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும்.

அத்தையின் கூடத்துக்கு 65 எல்.ஆர்.வி. வெளிர் நீலம், மகன் அறையில் கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்குக் கருநீலம் என்று முடிவானது. பகலிலும் விளக்குப் போட்டு வாழும் வீடுகளில், சுவரின் நிறம் மின்கட்டணத்தையும் படிக்கும் பிள்ளையின் கண்ணையும் தொடும் விஷயம். ஆகவே செயலியில் பிடித்ததை அட்டையில் அடித்து, ஒரு முழுப் பகலும் ஓர் இரவும் அந்த அறையிலேயே வைத்துப் பார்த்துவிட்டுச் சாயம் வாங்கச் செல்லுங்கள்.