கேட்டு வாங்கிய கரகரப்பு

கராஜ் ராக் குழுக்களின் முதல் ஆல்பங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே தீர்ப்பைச் சொல்கிறார்கள்: கையில் காசில்லாத பையன்கள், கற்றுக்குட்டி வாசிப்பு, மட்டமான ஒலிப்பதிவு. அந்த ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் இந்தத் தீர்ப்பு நிற்காது. அவற்றில் உள்ள கரகரப்பு வறுமையால் மட்டும் வந்ததல்ல, அவர்கள் கேட்டு வாங்கியது.

இதற்கு முதல் சாட்சி 1965இல் வெளிவந்த ‘ஹியர் ஆர் த சானிக்ஸ்’. சியாட்டிலுக்குத் தெற்கே உள்ள டகோமா என்ற துறைமுக நகரத்தின் ஐந்து இளைஞர்கள்தான் த சானிக்ஸ். அதே ஊரின் மூத்த குழுவான த வெய்லர்ஸைச் சேர்ந்தவர்கள் நடத்திய எடிக்கெட் என்ற சிறு நிறுவனம் ஆல்பத்தை வெளியிட்டது. பன்னிரண்டு பாடல்களில் நான்குதான் சொந்தப் பாடல்கள். மற்றவை நடன அரங்குகளில் இளைஞர்களை ஆடவைக்க அந்த வட்டாரக் குழுக்கள் எல்லாம் வாசித்து வந்தவை. அவற்றில் ஒன்றை எழுதிய ரிச்சர்ட் பெரிதான் ‘லூயி லூயி’யையும் எழுதியவர். 1963இல் போர்ட்லண்டின் கிங்ஸ்மென் குழு அதைப் பதிவு செய்தபோது வரிகள் சரியாகக் காதில் விழவில்லை. ஆபாசமோ என்ற புகாரின்பேரில் எஃப்.பி.ஐ. விசாரித்து, ஒன்றும் புரியவில்லை என்று கைவிட்டது. தெளிவில்லாத ஒலிக்கு இருந்த வசீகரத்தை அந்த வட்டாரம் அப்போதே அறிந்திருந்தது.

சானிக்ஸ் அதை இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்டூடியோ மீட்டரின் முள் சிவப்புக்குள் போனால் ஒலி சிதையும். போகாமல் பார்த்துக்கொள்வதுதான் பொறியாளரின் வேலை. இவர்களோ போகவிட்டே பதிவு செய்யச் சொன்னார்கள். ‘த விட்ச்’ பாடலைக் கேளுங்கள். கிட்டாரும் சாக்ஸபோனும் ஒரே மெட்டைச் சேர்ந்து இழுக்க, பாப் பென்னட்டின் டிரம் ஒவ்வொரு அடியிலும் அறைகிறது. ஜெரி ராஸ்லி அலறும்போது மைக்கே தாங்காமல் குரல் கிழிகிறது. ‘சைக்கோ’விலும் அதே அலறல், அதே வேகம். தாளம் எங்கும் பிசகவில்லை. கற்றுக்குட்டிகள் இப்படி வாசிக்க முடியாது.

என் வாதத்துக்கு வலுவான ஆதாரம் அவர்களே பின்னால் செய்த ஒரு ஆல்பம். ஹாலிவுட்டின் வசதியான ஸ்டூடியோவில் பதிவான அதில் எல்லாம் சுத்தமாகக் கேட்கிறது. உயிர் மட்டும் இல்லை. குழுவினருக்கே அது பிடிக்கவில்லை.

1966இல் ஜெர்மனியில் வெளிவந்த ‘பிளாக் மங்க் டைம்’ இன்னொரு வகைப் பிடிவாதம். அமெரிக்க ராணுவத்தில் பணிமுடித்து அங்கேயே தங்கிவிட்ட ஐவர், துறவிகளைப்போல் உச்சந்தலையை மழித்துக்கொண்டு, பாஞ்சோவைத் தாளக் கருவியாக அடித்தார்கள். மெட்டைக் குறைத்துத் தாளத்தைக் கூட்டிய இப்படியொரு ஆல்பம் அன்று வேறெங்கும் இல்லை. அந்தப் பிடிவாதம் த ஸ்டூஜஸ் குழுவிடமும் இருந்தது. 1969இல் அவர்களின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் ஜான் கேல். ஆம்ப்ளிஃபையரை உச்சத்தில் வைத்துத்தான் வாசிப்போம் என்று குழு அடம்பிடித்தது; ஸ்டூடியோவுக்கு அது ஆகாது என்றார் கேல். ஒரு புள்ளி குறைத்துச் சமரசமானார்கள் என்று குழுவின் பாடகர் இகி பாப் சொல்லியிருக்கிறார்.

1972இல் லென்னி கே ‘நகட்ஸ்’ தொகுப்பைக் கொண்டுவந்திராவிட்டால் அறுபதுகளின் இந்தக் குழுக்களில் பல மறதிக்குள் போயிருக்கும். ஆனால் அது தனிப்பாடல்களின் தொகுப்பு. ஆல்பமாக முழுதும் கேட்கத்தக்கவை சிலவே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தக் கரகரப்பைப் பின்னாளில் வந்தவர்களும் தேடினார்கள். 2001இல் வந்த ‘இஸ் திஸ் இட்’டில் த ஸ்ட்ரோக்ஸ் குழுவின் ஜூலியன் காஸாபிளாங்காஸ் தன் குரலை ஒரு சிறிய பயிற்சி ஆம்ப்ளிஃபையர் வழியாக அனுப்பிக் கரகரப்பாக்கினார். அந்தக் காலத்தில் தெளிவான ஒலிப்பதிவு யாருக்கும் எட்டாக்கனியாக இல்லை. அழகான ஆல்பம்தான், ஆனாலும் அதன் கரடுமுரடு அளந்து வைத்தது. 1999இல் டெட்ராய்ட்டிலிருந்து வந்த த ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் முதல் ஆல்பத்தில் அந்தக் கணக்கு இல்லை. பேஸ் கிட்டார்கூட இல்லாத இருவர் குழு, பெரும்பாலும் ஒரு டிரம், ஒரு கிட்டார், ஒரு குரல். சானிக்ஸின் உண்மையான வாரிசுகளாக நான் கருதுவது அவர்களைத்தான்.