ரொறன்ரோ உயிர்வேதியியலில் கூட்டாய்வும் உரிமையும்

உயிரினங்களின் உடலில் நிகழும் வேதிமாற்றங்களை ஆராயும் ரொறன்ரோப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறை ஒரே கட்டடத்துக்குள் அடங்குவதில்லை. அதன் பேராசிரியர்களுள் சிலர் பல்கலைக்கழக வளாகத்திலும், பலர் சிக்கிட்ஸ் எனப்படும் சிறுவர் மருத்துவமனை போன்ற ஆய்வு நிலையங்களிலும் ஆய்வுக்கூடம் நடத்துகின்றனர். அத்துறையின் பலமும் குறையும் இந்த அமைப்பிலேயே வேர்கொண்டுள்ளன.

உடற்சுரப்புகள் தடித்து நுரையீரலையும் கணையத்தையும் அடைக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸின் மரபணு 1989இல் கண்டறியப்பட்டமை பலத்துக்குச் சான்று. சிக்கிட்ஸில் மரபியலாளர் லப்-சீ சூய் மரபணு இருக்கும் இடத்தைத் தேட, உயிர்வேதியியலாளர் ஜான் ரியோர்டன் அது செயற்படும் வியர்வைச் சுரப்பி உயிரணுக்களை வளர்த்து, அவற்றிலிருந்து மரபணுப் பிரதிகளின் தொகுப்பை உருவாக்கினார். மிச்சிகனில் பிரான்சிஸ் கொலின்ஸின் குழுவும் இணைந்தது. ஒரு துறை தனித்து இதனைச் சாதித்திருக்க இயலாது.

ஆயினும், கூட்டாய்வில் உழைப்பு கலக்கும் அளவுக்கு உரிமை தெளிவாகப் பிரிவதில்லை. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் நடந்த இன்சுலின் ஆய்வு இதற்கு எடுத்துக்காட்டு. 1922 ஜனவரி 11இல் அங்குள்ள ஆய்வாளர்களான பான்டிங்கும் பெஸ்ட்டும் தயாரித்த கணையச் சாறு ரொறன்ரோ பொது மருத்துவமனையில் நீரிழிவுற்ற 14 வயதுச் சிறுவனுக்கு ஏற்றப்பட்டும் போதிய பலன் தரவில்லை. அல்பெர்ட்டாவிலிருந்து வந்திருந்த உயிர்வேதியியலாளர் கொலிப், அல்ககோலின் செறிவைப் படிப்படியாகக் கூட்டி, தேவையற்ற புரதங்களை முதலில் நீக்கி, 90 வீதத்துக்குச் சற்று மேற்பட்ட செறிவில் இன்சுலினைப் படியவைத்தார். 23ஆம் திகதி அச்சாறு பலனளித்தது. ஆனால் செய்முறையைச் சக ஆய்வாளர்களுக்குக் கொலிப் சொல்ல மறுத்தமையால் கடும் வாக்குவாதம் மூண்டது. எவரும் தனித்துக் காப்புரிமை கோருவதில்லை என்ற எழுத்துமூல உடன்பாடு 25ஆம் திகதியே கையெழுத்தானது. மறுவருட நோபல் பரிசு பான்டிங்குக்கும் ஆய்வை வழிநடத்திய மக்லவுட்டுக்கும் மட்டுமே கிடைக்க, அவர்களே பணத்தைப் பெஸ்ட்டுடனும் கொலிப்புடனும் பகிர்ந்தனர். இப்பூசலை மனிதர்களின் குணக்கோளாறாக மட்டும் கொள்வது தவறு. உரிமை பேசப்படாமலே வேலை தொடங்கியதுதான் மூலக்காரணம்.

மருத்துவமனைகளோடு பிணைந்திருப்பதில் வேறொரு இடரும் உண்டு: நோயோடு நேரடித் தொடர்பற்ற அடிப்படை வினாக்கள் நிதியின்றிப் பின்தள்ளப்படலாம். இருப்பினும் அவசரமாகத் தீர்க்கவேண்டியது உரிமைச் சிக்கலே. பல கூடங்களுக்கிடையே மாறிமாறி உழைக்கும் ஆய்வு மாணவரே அதில் முதலில் மறக்கப்படக்கூடியவர். 1922இல் பூசலுக்குப் பின்னர் எழுதப்பட்ட உடன்பாட்டை இன்றைய கூட்டாய்வுக் குழுக்கள் முதல் நாளிலேயே, மாணவர் பெயரையும் சேர்த்து, எழுதிக்கொள்ள வேண்டும்.