கிடப்பதும் கிடத்துவதும்

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் மாற்றி எழுதிவிட்டால் ஸ்பெல்லிங் தப்பு என்று ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போய்விடுகிறோம். பள்ளிக்கூட இலக்கணப் புத்தகங்கள் அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கின்றன. 'சி' போட்டால் பெயர், 'எஸ்' போட்டால் வினை, மனப்பாடம் செய்துகொள். எனக்கு இது ஸ்பெல்லிங் விவகாரமாகப் படவில்லை. ஒரு சொல்லில் காரியம் நடந்துகொண்டிருக்கிறதா, நடந்து முடிந்து உறைந்துவிட்டதா என்பது நம் காதில் விழுகிறதா என்ற விவகாரம். மொழிபெயர்க்கிறவனும் விமர்சகனும் இதில் செவிடாக இருந்தால் நஷ்டம் ஆங்கிலத்துக்கு அல்ல.

அட்வைஸ் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பெயராக வரும்போது முடிவில் ஸகரம் சீறுகிறது. வினையாக வரும்போது அதே இடத்தில் தொண்டை அதிர்ந்து வண்டு ரீங்கரிப்பதுபோல ஒரு ஒலி. அந்த இரண்டாவது ஒலிக்கு நம் லிபியில் எழுத்து இல்லை. இந்தப் பக்கத்தில் இரண்டையும் ஒரே மாதிரிதான் அச்சேற்ற முடியும். ஹவுஸ் என்ற சொல்லில் ஆங்கிலேயனுக்கே எழுத்து உதவுவதில்லை. வீடு என்னும்போது சீறல், குடிவைப்பது என்னும்போது ரீங்காரம், எழுதுவது ஒன்றுதான். குளியல் பாத், குளிப்பது பேத். வாழ்க்கை லைஃப், வாழ்வது லிவ். பெயர் அதிராமல் முடிகிறது; வினை அதிர்ந்து முடிகிறது.

காரணம் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. அங்கே இந்த ஒலிகள் இரண்டு உயிர்களுக்கு நடுவில் அகப்பட்டால் அதிரும். வினைக்கு ஒரு விகுதி உண்டு. அது ஒட்டியதும் மெய் உயிர்களுக்கு நடுவில் வந்துவிடும். பெயர் மொட்டையாக நின்றது. காலப்போக்கில் விகுதி உதிர்ந்துபோயிற்று, அதிர்வு மட்டும் தங்கிவிட்டது. அட்வைஸ் பிரெஞ்சு வழியாக வந்த சொல்தான். ஆனாலும் இந்த வரிசையில்தான் வந்து உட்கார்ந்தது.

தமிழ்க் காதுக்கு இது புதிதல்ல. பாடு என்பதில் டகரம் அதிர்கிறது, பாட்டு என்பதில் இறுகிவிடுகிறது. எழுது, எழுத்து. பேசு, பேச்சு. வீசு, வீச்சு. அங்கே உதிர்ந்த விகுதி, இங்கே இரட்டித்த மெய், வழி வேறுதான். காதுக்குக் கிடைக்கும் செய்தி ஒன்று. 'எழுது' என்னும்போது நாக்கு போய்க்கொண்டே இருக்கிறது. 'எழுத்து' என்றதும் முட்டி நிற்கிறது. இப்படி ஒரு காதை வைத்துக்கொண்டு நாம் அட்வைஸ் பண்ணுகிறோம், யூஸ் பண்ணுகிறோம். வந்த ஆங்கிலச் சொல்லையெல்லாம் பெயராக உறையவைத்து, 'பண்ணு' என்ற ஒரே மாட்டின் முதுகில் ஏற்றியாயிற்று.

பிராக்டிஸ், லைசென்ஸ் இரண்டும் இந்தக் கணக்கில் சேரா. அவற்றில் பெயருக்கும் வினைக்கும் ஒலி வித்தியாசமே கிடையாது. பிரிட்டிஷ் வழக்கில் எழுத்து மட்டும் வேறு. அமெரிக்கர்கள் முதலாவதை எப்போதும் 'சி' போட்டும் இரண்டாவதை எப்போதும் 'எஸ்' போட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். யாருடைய கவிதையும் இதனால் கெட்டுப்போகவில்லை.

கெட்டுப்போகிற இடம் வேறு. லை, லே என்று இரண்டு வினைகள். முதலாவது கிட, இரண்டாவது கிடத்து. ரைஸ், ரெய்ஸ் என்றால் எழு, எழுப்பு. சிட், செட் என்றால் இரு, இருத்து. ஃபால், ஃபெல் என்றால் வீழ், வீழ்த்து. நம் தன்வினை பிறவினையேதான். ஆங்கிலத்தின் மூதாதை மொழியில் இதற்கும் ஒரு விகுதி இருந்து தேய்ந்துபோயிற்று. சங்கடம் எங்கே வருகிறது என்றால், 'லை' இறந்தகாலத்தில் 'லே' ஆகிவிடுகிறது. 'லே' என்று ஓரிடத்தில் கண்டால் அது கிடத்து என்பதாகவும் இருக்கலாம், கிடந்தேன் என்பதாகவும் இருக்கலாம்.

1930-இல் வந்த ஃபாக்னரின் நாவல் 'அஸ் ஐ லே டையிங்'. தலைப்பில் இருப்பது கிடந்தேன் என்கிற லே. ஆடி பண்ட்ரன் சாகக் கிடக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே மகன் கேஷ் அவளுக்கான சவப்பெட்டியை அறுத்து இழைத்துக்கொண்டிருக்கிறான். செத்த பிறகு அவளை அந்தப் பெட்டியில் கிடத்துகிறார்கள். அதுவும் கல்யாண உடுப்பின் விரிந்த பாவாடை கசங்கக் கூடாதென்று தலைமாடு கால்மாடு மாற்றிக் கிடத்துகிறார்கள். அதன் பிறகு வண்டி, வெள்ளம், நெருப்பு. தலைப்பில் அவள் எழுவாய். நாவலில் அவள் செயப்படுபொருள். கிட என்பதற்கு இரண்டாம் வேற்றுமை வேண்டாம், கிடத்து என்பதற்கு அது இல்லாமல் முடியாது. 59 அத்தியாயங்களில் அவள் பேசுவது ஒன்றே ஒன்று, அதுவும் அவள் செத்துப்போன பிறகு வருகிறது. அதில் அவள் வார்த்தைகளை நம்பாதவளாகவே பேசுகிறாள். லையும் லேயும் ஒரே காரியம் என்று நினைக்கிற மொழிபெயர்ப்பாளன் இந்த நாவலில் ஒரு சொல்லைத் தவறவிடுவதில்லை, நாவலையே தவறவிடுகிறான்.

இந்தச் செவிட்டுத்தனம் விமர்சனத்தில் என்ன செய்கிறது என்பதற்கு அஃபெக்ட், எஃபெக்ட் போதும். இரண்டும் லத்தீனின் ஒரே வினையிலிருந்து வந்தவை. முதலாவது பெரும்பாலும் வினை, ஒன்றின் மேல் போய்த் தைப்பது. இரண்டாவது பெரும்பாலும் பெயர், விளைவு. எஃபெக்ட் வினையாகவும் வரும். அப்போது ஒரு மாறுதலை உண்டாக்குவது என்று பொருள். அங்கே அஃபெக்ட் போட்டால், ஏற்கெனவே நடக்கிற மாறுதலின் மேல் கை வைப்பது என்று ஆகிவிடும். மனோதத்துவத்தில் அஃபெக்ட் பெயராகி உணர்ச்சியைக் குறிக்கும்.

தமிழ் விமர்சனத்தில் இத்தனைக்கும் ஒரே சொல்: பாதிப்பு. இன்ஃப்ளுயென்ஸுக்கும் அதுவே. புயலால் பாதிக்கப்பட்ட பகுதிகள் என்று பத்திரிகையில் படிக்கிறோம், மதிப்புரையில் எலியட்டின் பாதிப்பு என்று படிக்கிறோம்; எலியட் எந்தக் கரையைக் கடந்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. விம்ஸாட்டும் பியர்ட்ஸ்லியும் 1949-இல் எழுதிய 'தி அஃபெக்டிவ் ஃபாலசி' கட்டுரை, கவிதை என்ன என்பதையும் அது வாசகனிடம் எதைக் கிளப்புகிறது என்பதையும் குழப்பிக்கொள்ளாதே என்றது. அவர்கள் முடிவோடு எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அந்தத் தலைப்பில் நாம் பாதிப்பு என்ற சொல்லைப் போட்டுவிட்டால், ஒரு கவி இன்னொரு கவியைக் காப்பியடிப்பது பற்றிய கட்டுரை என்றுதான் நம்மவர்கள் படிப்பார்கள்.

பெயர்ச்சொல்லில் ஒரு சௌகரியம் இருக்கிறது. 'இக்கவிதைகள் ஆழ்ந்த பாதிப்பை ஏற்படுத்துகின்றன' என்று எழுதினால் யாரிடம், எந்த வரி, எப்படி என்று ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை. தைத்தது, உறுத்தியது, உலுக்கியது, எரிச்சலூட்டியது என்று வினையாக எழுதிப் பாருங்கள். உடனே ஒரு வரியை எடுத்துக் காட்டியாக வேண்டும். 'இவரிடம் எலியட்டின் பாதிப்பு தெரிகிறது' என்பதைவிட 'இவர் எலியட்டிடமிருந்து எடுத்துக்கொண்டார்' என்பது கஷ்டமான வாக்கியம். எதை எடுத்துக்கொண்டார், எடுத்ததை என்ன செய்தார் என்று அடுத்த வாக்கியம் காத்துக்கொண்டிருக்கும். மதிப்புரை எழுதுகிற நண்பர்கள் பாதிப்பு என்ற சொல்லைத் தொடாமல் ஒரே ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும்.